வலை எப்போது இறக்கியது?

மனிதக் குருதியை நாள்முழுக்க எண்ணித் தள்ளும் ஆய்வுகூட இயந்திரம் கடலாமையிடம் தோற்றுவிடும். எங்கள் செங்குருதிக் கலத்தில் கரு இல்லை; ஆமையினதில் உண்டு. கருவைக் கண்டதும் இயந்திரம் அதை வெண்குருதிக் கலமாகக் கணக்கில் ஏற்றிவிடும். அதனால் கண்ணாடி வழுக்கியில் பூசி, ஜீம்சாச் சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் கண்ணால் எண்ணுகிறேன். இயந்திரம் வந்தபின் கைவிட்ட வேலை. உண்மையைச் சொன்னால், எனக்கு இது பிடித்திருக்கிறது.

குருதி எடுப்பவர் மிருக வைத்தியர். ஆமையின் தலையைத் தாழ்த்திப் பிடித்து, பிடரியில் நடுக்கோட்டுக்குச் சற்று விலகி ஊசி ஏற்றுவார். நாளம் வெளியே தெரியாது. பக்கத்தில் நிணநீர் வேறு. அது கலந்தால் நல்ல ஆமையும் சோகை பிடித்ததாகத் தெரியும்.

இலக்கங்களைப் படிப்பதுதான் பெரும்பாடு. முட்டை உருவாகும் பருவத்தில் பெண்ணாமைக்குக் கல்சியமும் புரதமும் ஏறும், அது நோயல்ல. புரதம் சிதைந்து குருதியில் சேர்வது யூரியா; கடற்புல் மேயும் பேராமையின் யூரியாவை, இறாலும் நண்டும் தின்னும் பங்குனியாமையோடு ஒப்பிட முடியாது. தொட்டியில் வளர்ந்த ஆமையின் அளவுகளும் கடலில் திரிவதற்குப் பொருந்தா.

வலையில் பட்டு வருவதில் நான் முதலில் பார்ப்பது லக்டேட்; ஒட்சிசன் போதாதபோது தசையில் உருவாகிக் குருதியில் சேரும் பொருள். ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி. மேலே வரமுடியாமல் நீருக்குள் அகப்பட்டுக் கிடந்தால் லக்டேட் ஏறி, குருதி அமிலமாகும். கரையில் துடுப்புக்கால் அடிக்கிறதே என்று உடனே கடலில் விட்டால், களைப்பில் மூழ்கவும் கூடும். ஆனால் பிடித்து அமளிப்படுத்தினாலும் லக்டேட் ஏறுமே! எவ்வளவு நேரம் வலையில் கிடந்தது என்று தெரியாமல் அந்த இலக்கத்தை வைத்து என்ன முடிவெடுப்பது?

“அண்ணை, வலை எத்தினை மணிக்கு இறக்கினது?”

“ஏன் பிள்ளை, பொலிசுக்கோ?”

ஆமையைக் கொண்டுவந்த மீனவரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. இலங்கைக் கடலுக்கு வரும் ஐந்து இன ஆமைகளும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. பிடித்தாலும் வைத்திருந்தாலும் வழக்கு. அதனால் நேரத்தைக் குறைத்துச் சொல்வார்கள், அல்லது “தெரியாது” என்பார்கள். சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பரிசோதனையின் பாதி அந்த மனிதரின் வாயில் இருக்கிறது.

இப்போது எங்கள் படிவத்தில் பெயருக்கும் படகு இலக்கத்துக்கும் இடமில்லை. முதல் வரியிலேயே வலை இறக்கிய நேரம், தூக்கிய நேரம். பதில்கள் ஓரளவு நம்பும்படி வருகின்றன. மேலிடத்தில் ஒருவருக்கு மட்டும் இந்தப் படிவம் இன்னும் பிடிக்கவில்லை.