பத்தாயிரம் மில்லிமீற்றர்

யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் கொள்வனவும் களஞ்சியமும் என் பொறுப்பு. வேலைக்கு வந்து 11 வருடமாகிறது. கடதாசி, அச்சு மை, மோட்டார் சைக்கிள் டயர், கூட்டங்களுக்குத் தேத்தண்ணீர்ச் சாமான் என்று எல்லாம் என் கையெழுத்தில்தான் வாங்கப்படும். இவற்றில் ஏதாவது பிழைத்தால் மாற்றிக்கொள்ளலாம். களப் பணியாளர்களுக்கு வாங்கும் மழைக்கோட்டும் சப்பாத்தும் அப்படியல்ல. நான் அலுவலகத்தில் காய்ந்த உடுப்போடு இருக்கும்போது, என் கையெழுத்து பிழையா சரியா என்பதை வேறொருவருடைய உடம்பு பண்ணைப் பாலத்தில் அறிந்துகொண்டிருக்கும்.

2020 புரட்டாதியில் கொழும்பிலிருந்து ஒரு விற்பனை முகவர் மாதிரிச் சாமான்களோடு வந்தார். மேசையில் ஒரு மழைக்கோட்டை விரித்துப் போத்தல் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். சேம்பிலையில் விழுந்த மழைபோலத் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. அலுவலகத்தில் இருந்த எல்லோரும் எழும்பி வந்து பார்த்தார்கள். நீரைத் தடுக்கும் அளவு 10,000 மில்லிமீற்றர், வேர்வை ஆவியை வெளியே விடும் அளவு 10,000 கிராம் என்று லேபிளில் இருந்தது. "உள்ள வேர்க்காது அண்ணை, துணி மூச்சு விடும்" என்றார். வழமையாக நாங்கள் வாங்கும் பிளாஸ்டிக் கோட்டைவிட நான்கு மடங்கு விலை. நல்ல பொருளைக் கொடுக்கிறோம் என்ற மனநிறைவோடு 24 கோட்டுக்குக் கையெழுத்து வைத்தேன்.

மார்கழி தொடங்கும்போது புரெவிப் புயல் வந்தது. வெள்ளம் நின்ற வீடுகளின் விபரம் எடுக்க எல்லோரும் வெளியே போனார்கள். தீவுப் பக்கத்துக்குப் பொறுப்பான தங்கை ஒருவர் வேலணையிலிருந்து பின்னேரம் திரும்பி வந்து கோட்டைக் கழற்றினார். உள்ளே போட்டிருந்த சட்டை பிழிந்தால் தண்ணீர் ஓடும் நிலையில் இருந்தது.

"அண்ணா, மழையில நனைஞ்சனோ வேர்வையில நனைஞ்சனோ எண்டு எனக்கே தெரியேல்ல" என்றார்.

பிறகு மார்போடு அணைத்துக் கொண்டுவந்த கோப்பைத் திறந்தார். கோட்டை நம்பி அதற்குள்ளே வைத்த கோப்பு அது. 13 குடும்பங்களின் படிவங்களில் மை கரைந்து நீலமாகிவிட்டது. எத்தனை பேர், சமைக்க இடம் இருக்கிறதா, கிணற்றுக்குள் வெள்ளம் போய்விட்டதா என்று அந்த வீடுகளின் ஈரத் திண்ணைகளில் நின்று கேட்டு எழுதியவை. அடுத்த நாள் அவர் மறுபடி போய், அதே ஆட்களிடம் அதே கேள்விகளைக் கேட்டார். அந்தப் படிவங்களை இன்றும் என் லாச்சிக்குள் வைத்திருக்கிறேன்.

முகவருக்கு அழைப்பெடுத்தேன். அவர் கோபப்படவில்லை. "லேபிளில இருக்கிறது பொய்யில்லை அண்ணை, சோதிச்சுத்தான் போட்டிருக்கினம்" என்றார். எனக்கு அந்த நேரம் அது ஏமாற்றுக் கதையாகத்தான் பட்டது. ஆடைத் தொழிற்சாலையொன்றின் சோதனைக்கூடத்தில் முன்பு வேலை செய்த உறவுக்காரத் தம்பி ஒருவரிடம் போய்க் கேட்ட பிறகுதான், முகவர் சொன்னது சொல்லளவில் சரி என்பது விளங்கியது. அது விளங்கியபோது கோபம் இன்னும் கூடியது.

அந்தச் சோதனையில் துணியை ஒரு வட்டமாக இறுக்கிப் பிடித்து, ஒரு பக்கத்தில் நீரின் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். மறுபக்கத்தில் மூன்று இடங்களில் துளி தெரிந்ததும் அந்த அழுத்தத்தைக் குறித்துக்கொள்வார்கள். 10,000 மில்லிமீற்றர் என்றால் 10 மீற்றர் உயரத் தண்ணீரின் அழுத்தம், ஒரு நல்ல ஆழமான கிணறு நிறையத் தண்ணீர். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் சோதித்தது புதுத் துணியின் ஒரு துண்டை. தையலைச் சோதிக்கவில்லை, சிப்பைச் சோதிக்கவில்லை, கழுத்து வழியைச் சோதிக்கவில்லை. பத்துத் தரம் தோய்த்த கோட்டையும் சோதிக்கவில்லை.

கிராம் கணக்கு இன்னும் மோசம். ஒரு சதுர மீற்றர் துணி வழியாக 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவி வெளியேறுகிறது என்பதுதான் அது. அதை அளக்கப் பல முறைகள் உண்டு. ஒரு முறையில் துணியின் மறுபக்கத்தில் பொட்டாசியம் அசிற்றேற்றுக் கரைசலை வைப்பார்கள். ஈரத்தை ஆவலோடு உறிஞ்சும் உப்பு அது. அங்கே பெரிய எண் கிடைக்கும். அதே துணிக்கு வேறு முறையில் சிறிய எண் கிடைக்கும். எந்த முறையில் அளந்தது என்று லேபிளில் பெரும்பாலும் இருக்காது. எங்கள் கோட்டிலும் இருக்கவில்லை.

எனக்கு உறைத்த இடம் இதுதான். ஆவி தானாக வெளியே போகாது. உள்ளே கூடவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் போகும். குளிரான மலையில் உடம்புக்கும் வெளிக்காற்றுக்கும் அந்த வித்தியாசம் நிறைய இருக்கும். 1969 இல் அமெரிக்காவில் ரொபேட் கோர் ஒருவகைப் பிளாஸ்டிக்கைச் சட்டென்று இழுத்து நுண்துளைப் படலமாக்கியதிலிருந்து வந்த கோர்டெக்ஸ் போன்ற துணிகள் மலையேறுபவர்களிடம் பெயர் எடுத்ததற்கு அது ஒரு காரணம். கார்த்திகை மாத யாழ்ப்பாணத்தில் வெளிக்காற்றே ஈரத்தால் நிறைந்து நிற்கிறது. கயிற்றில் போட்ட சாரம் இரண்டு நாளானாலும் காயாத காலம். குளிரும் இல்லை. அந்தக் காற்றுக்குள் எந்தத் துணிதான் வேர்வையைத் தள்ளிவிடும்? அதிலும் எங்களுடையது உள்ளே பொலியூரித்தேன் பூசிய மலிவு வகை. மேசையில் சொன்ன விலை மட்டும்தான் மலிவாக இருக்கவில்லை.

போத்தல் தண்ணீர் உருண்டோடியதற்கும் அந்த 10,000த்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். உருளச் செய்வது வெளிப்புறத்தில் போடும் ஒரு பூச்சு. உரசல், அழுக்கு, தோய்ப்பு எல்லாம் அதைத் தின்னும். அது போனபின் மேல்துணி தண்ணீரைக் குடித்துப் பாரமாகும், ஆவி போக இருந்த கொஞ்ச வழியும் அடைபடும். நீண்ட காலம் இந்தப் பூச்சுகளுக்குப் பாவித்தவை இயற்கையில் அழியாத புளோரின் இரசாயனங்கள். அவற்றில் ஒரு வகையான பி.எஃப்.ஓ.ஏ.வை 2019 இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் தடைப்பட்டியலில் சேர்த்தார்கள். எங்கள் மேசையில் உருண்ட முத்துக்கள் எந்தப் பூச்சில் உருண்டன என்று கேட்க எனக்கு அன்று தெரிந்திருக்கவில்லை.

கோட்டையும் அதோடு வந்த காற்சட்டையையும் ஓட்டோவுக்குச் சீற் கவர் தைக்கும் ஐயா ஒருவரிடம் கொண்டுபோனேன். தறப்பாளும் ரெக்சினும் தைத்தே தலை நரைத்தவர். அவர் லேபிளைப் பார்க்கவில்லை. உள்புறத்தை வெளியே திருப்பித் தையல் வழியே விரலை ஓட்டினார். தோள் தையலில் ஒட்டுநாடா இருந்தது. தொடை நடுவில் நான்கு தையலும் சந்திக்கும் இடத்தில் இல்லை.

"தம்பி, துணியால தண்ணி வராது. ஊசி போன வழியால வரும். சைக்கிளில இருந்தா மடியில குளம் கட்டும், அதுக்கு மேல நீர் குந்தியிருக்கிறீர்."

அரை நிமிடமும் எடுக்கவில்லை அவருக்கு. நான் 24 கோட்டு வாங்க முன்னம் அவரிடம் போயிருக்க வேண்டும்.

இந்த ஊரில் தண்ணீரை மறிப்பது என்றால் என்ன என்று சனத்துக்குத் தெரியும். தறப்பாளுக்குக் கீழே மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் இருந்தவர்கள் எங்கள் களப் பணியாளர்களுக்குள்ளேயே உண்டு. மழையை மறிப்பது வெக்கையையும் உள்ளே மறிக்கும் என்பது அவர்களுக்குப் புதிய செய்தி இல்லை. கோட்டு வாங்குமுன் அவர்களில் ஒருவரையாவது கேட்டிருந்தால் "அப்பிடி ஒரு துணி இருக்கோ?" என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள். கொள்வனவுக் குழுவில் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை.

சப்பாத்துக் கதையையும் சொல்லவேண்டும். கரடுமுரடான நிலத்துக்கு என்று விளம்பரப்படுத்திய கணுக்கால் சப்பாத்துகளை ஒரு வருடம் மொத்தமாக வாங்கினோம், விலை குறையும் என்பதற்காக. மிச்சப் பெட்டிகள் தகரக் கூரைக் களஞ்சியத்தில் மூன்று வருடம் இருந்தன. புதிதாகச் சேர்ந்த ஒருவருக்குக் கொடுக்கத் திறந்தால், ஒருநாளும் போடாத சப்பாத்தின் அடி விசுக்கோத்துப்போல உதிர்ந்தது. பழுதான சரக்கு என்று முதலில் நினைத்தேன். அடிப்பாகத்திலிருந்த பொலியூரித்தேன் நுரையில் சில வகைகளை வெக்கையும் காற்றின் ஈரமுமே மெல்ல மெல்ல உடைத்துவிடும், போடாமல் வைத்திருந்தாலும்கூட. கோட்டின் உட்பூச்சு பசைபோல ஒட்டி உரிவதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். எங்கள் களஞ்சியத்தில் வெக்கைக்கும் ஈரத்துக்கும் குறைவில்லை. பெட்டியில் உற்பத்தித் திகதியைத் தேடினேன், இல்லை. இப்போது சப்பாத்தை வருடத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குகிறோம். வெள்ளத்துக்குச் சாதாரண பி.வி.சி. பூட்ஸ்.

தலைவிளக்கில் ஐ.பி. 67 என்று போட்டிருந்தால் ஒரு மீற்றர் நீருக்குள் 30 நிமிடம் தாங்கியது என்று பொருள். சோதித்தது நல்ல தண்ணீரில். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் போகும்போது முகத்தில் அடிப்பது உப்புத் தண்ணீர். வெயிலுக்குப் போடும் கைச்சட்டைகள்மேல் எனக்கு அவ்வளவு சந்தேகம் இல்லை. 50+ என்றால் புறஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு உள்ளே வருகிறது, அது உண்மையாகவே பயன்படும். ஆனால் நெருக்கமாக நெய்த கடும்நிற முழுக்கைச் சேட்டும் நன்றாகவே மறிக்கும். அது எல்லோர் வீட்டிலும் இருக்கிறது.

இப்போது நாங்கள் வாங்குவது தொளதொளவென்ற இரண்டு துண்டு பிளாஸ்டிக் கோட்டு, முதுகில் மூடியோடு ஒரு காற்று வழி, தொடைத் தையலுக்கு உள்ளே ஐயா ஒட்டித் தைத்துத் தரும் ஒரு துண்டு. படிவங்களுக்கு வாய் சுருட்டிக் கட்டும் தனிப் பை. மாற்றுச் சட்டை ஒன்றை அலுவலகத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் வேர்க்கத்தான் போகிறது. அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் கோட்டுக்குள் கோப்பை வைக்கமாட்டார்கள். கூடிய எண் போட்ட கோட்டை ஏன் தெரிவு செய்யவில்லை என்று கணக்காய்வில் கேட்டார்கள். கரைந்த படிவங்களைக் காட்டினேன்.

போன ஐப்பசியில் இன்னொரு முகவர் வந்தார். இந்த முறை லேபிளில் 20,000. அவரும் போத்தலை எடுத்தார். "கொஞ்சம் பொறுங்கோ தம்பி" என்று சொல்லிக் கோட்டை வாங்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். அன்று நனைந்து வந்த தங்கைதான் இப்போது கொள்வனவுக் குழுவில் களப் பணியாளர்களின் பிரதிநிதி. அவர் கோட்டையும் காற்சட்டையையும் போட்டுக்கொண்டு நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிளில் ஏறி இருந்தார். நான் பைப்பைத் திறந்து மேலிருந்து தண்ணீரை விட்டேன். முகவர் குடைக்குள் நின்று பார்த்தார். மடியில் குளம் கட்டியது. தங்கை அசையாமல் இருந்தார். பிறகு எழும்பி, உள்ளே கையை விட்டுப் பார்த்து, விரல்களை எனக்கு நீட்டினார்.

கொட்டேசன் தாளின் ஓரத்தில் "தொடைத் தையல், 8 நிமிடம்" என்று எழுதித் திகதி போட்டேன். அதற்குக் கீழே தங்கையும் கையெழுத்து வைத்தார்.