எது மிகை என்று யார் சொல்வது?

மனநிலை மிதமிஞ்சிய எழுச்சிக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறிமாறிச் செல்லும் பைபோலார் நோயின் எழுச்சிக் கட்டமான மேனியாவை விளக்கப் பாடநூல்கள் தரும் உதாரணங்கள் பெரும்பாலும் நகரவாசிகளின் வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்டவை: கண்டதையெல்லாம் வாங்கிக் குவிப்பது, முன்பின் யோசிக்காமல் தொழிலில் பணத்தைக் கொட்டுவது, உறக்கமின்றி விடிய விடியப் பேசுவது. சொந்தக் காரையும் வீட்டு மின் இணைப்பையும் வேண்டாமென்று ஒதுக்கி, குதிரை வண்டியில் போய்வரும் ஒரு சமூகத்தில் இதே நோய் எப்படி வெளிப்படும்? அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், அப்படி வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்களிடையே ஆய்வாளர் ஜேனிஸ் எக்லேண்ட் நடத்திய ஆய்வு இதற்கு விடை தருகிறது.

குதிரையை வெறிகொண்டு விரட்டி வண்டி ஓட்டுவது, பொதுத் தொலைபேசியை ஓயாமல் பயன்படுத்துவது, பருவம் தவறி வெளியூர்ப் பயணத்துக்குத் திட்டமிடுவது, காலமல்லாத காலத்தில் பரிசுகள் கொடுக்கத் துடிப்பது, கால்நடைகளிடம் முரட்டுத்தனமாக நடந்துகொள்வது ஆகியவையே அங்கே மேனியாவின் அடையாளங்களாக இருந்தன. வெளியாரான மருத்துவருக்கு இவற்றில் பாதி நோயாகவே தோன்றாது. தொலைபேசியில் பேசுவதை யார் நோயென்பார்கள்? அடக்கத்தையே அறமாகக் கொண்ட அந்த ஊராருக்கோ, ஆள் நிலைதவறிவிட்டார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். 1983-இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையின்படி, பைபோலார் என்று ஆய்வில் உறுதிசெய்யப்பட்ட 28 பேரில் 79 சதவீதத்தினரின் மருத்துவக் கோப்புகளில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்றே முன்பு எழுதப்பட்டிருந்தது.

ஆமிஷ் மக்கள் வெள்ளையர்கள் என்பதால், இங்கே நிறத்தைக் காரணம் காட்ட முடியாது; மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையிலான வாழ்க்கைமுறைத் தொலைவு மட்டுமே இவ்வளவு பிழைக்கு இடம்கொடுத்திருக்கிறது. அந்தத் தொலைவுடன் இனமும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை, அதே ஆண்டில் அதே இதழில் சுக்தேவ் முகர்ஜி குழுவினர் வெளியிட்ட கட்டுரை காட்டியது. பெருநகரப் புறநோயாளிப் பிரிவு ஒன்றில் சிகிச்சை பெற்ற பைபோலார் நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் முன்பு மனச்சிதைவு நோயாளிகளாகக் கணிக்கப்பட்டிருந்தனர். கறுப்பினத்தவருக்கும் ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி பேசும் பின்னணி கொண்ட) மக்களுக்கும், இளவயதினருக்கும், மேனியாவின்போது காதில் குரல் கேட்டவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதலாக இருந்தது. குரல் கேட்கிறது என்று சொன்னவுடன் மருத்துவரின் கவனம் அதிலேயே நின்றுவிட, மனநிலையின் ஏற்ற இறக்கத்தைப் பற்றிய கேள்விகள் கேட்கப்படாமலே போகின்றன. வெள்ளையர் நடத்தும் மருத்துவமனையை நம்பாமல் இருக்க வரலாற்றில் போதிய காரணம் உள்ள ஒருவரின் எச்சரிக்கை உணர்வு, கோப்பில் எளிதாகச் சந்தேகநோயாகிவிடுகிறது.

மருத்துவர்களின் பயிற்சிக்கும் ஒரு பண்பாடு உண்டு. நியூயார்க்கையும் லண்டனையும் ஒப்பிட்டு 1972-இல் நூலாக வெளிவந்த ஆய்வில், அமெரிக்க மருத்துவர்கள் மனச்சிதைவு என்ற முடிவுக்கு மிகத் தாராளமாக வந்ததும், ஒரே அளவுகோலை இரு நகர நோயாளிகளுக்கும் பயன்படுத்தியபோது அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்ததும் தெரியவந்தன.

இது வெறும் பெயர்க் குழப்பமன்று. மனநிலையைச் சீராக்கும் மருந்தான லித்தியத்தால் நிலைபெறக்கூடிய ஒருவர், அது கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் மனச்சிதைவுக்கான மருந்துகளை மட்டும் உட்கொள்ள நேரும்போது, உதடும் நாக்கும் தம்போக்கில் அசைந்துகொண்டே இருக்கும் தீராத பக்கவிளைவுக்கு ஆளாகக்கூடும்.

ஆனாலும், எல்லாப் பழியையும் தவறான கணிப்பின்மீதே போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. லண்டன், நாட்டிங்ஹாம், பிரிஸ்டல் ஆகிய நகரங்களில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், வெள்ளை பிரிட்டிஷ் மக்களைவிட ஆப்பிரிக்க-கரீபிய மக்களிடையே மனச்சிதைவு சுமார் 9 மடங்கும் மேனியா சுமார் 8 மடங்கும் அதிகமாகப் பதிவாகியிருந்தன. ஒன்றை மற்றொன்றாகத் தவறிக் குறித்தது மட்டுமே காரணமென்றால் இரண்டும் சேர்ந்து உயர்ந்திருக்காது. அந்த மக்கள் அன்றாடம் எதிர்கொள்ளும் ஒதுக்குதலையும் வறுமையையும் இங்கே கணக்கில் கொள்ளத்தான் வேண்டும்.

2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, நோயாளியின் பண்பாட்டுப் பின்னணியை அறிய 16 கேள்விகள் கொண்ட நேர்காணலைச் சேர்த்தது. நல்ல கேள்விகள்தாம், கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் அவற்றுக்கு நேரம் கிடைப்பதுதான் அரிது. நம்மூரில் பெரும்பாலும் குடும்பமே உடன் வருவதால், “அவன் இப்படிப் பேசுற பிள்ளையே இல்லைங்க டாக்டர்” என்று தாய் சொல்லும் ஒரு வரியிலேயே பாதி விவரம் கிடைத்துவிடுகிறது. காவலர்கள் தனியாளாகக் கொண்டுவந்து சேர்க்கும் ஒருவருக்காக அதைச் சொல்ல யாரும் இருப்பதில்லை. அவருடைய வீட்டு எண்ணைத் தேடிப் பிடித்து, போன தடவை குணமானபின் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பினாரா, வேலைக்குப் போனாரா, ஊராரோடு பழையபடி பழகினாரா என்று கேட்டால், அப்படி முழுமையாக மீள்வது பைபோலாரிலேயே அதிகம் என்பதால், பைபோலாரா மனச்சிதைவா என்பதில் பெருமளவு தெளிவு பிறக்கும்.