பந்தியில் முதலில் எழுவது யார்?

முதுகலை கடைசிப் பருவத்தில் ஆய்வேடு எழுத வேண்டும் என்றதும் ஸ்பானியத் திரைப்பட இயக்குநர் லூயி புனுவலை எடுத்தேன். பெரிய காரணமெல்லாம் இல்லை. அவருடைய முதல் படம் கால் மணி நேரத்துக்குச் சற்று கூடுதல்தான், வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். 1929இல் ஓவியர் சால்வடார் டாலியோடு சேர்ந்து எடுத்த 'ஆண்டலூசிய நாய்'. சவரக்கத்தி கண்ணைக் கிழிக்குமே, அந்தப் படம். அது கன்றுக்குட்டியின் கண் என்று தெரிந்த பிறகும் ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முதல் அத்தியாயத்தை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. அட்டவணை போட்டிருந்தேன்: எறும்பு என்றால் ஆசை, பியானோ என்றால் மேட்டுக்குடி, அதன்மேல் கிடக்கும் செத்த கழுதை என்றால் அழுகிய சமூகம். சுத்தமான கோனார் நோட்ஸ். நெறியாளர் ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்தார்: 'சுயசரிதை படித்தாயா?'

படிக்கவில்லை. 1982இல் வந்த அந்த நூலைத் தேடிப் பிடித்துப் படித்ததும் என் அட்டவணை அப்படியே சரிந்தது. நிலாவை மேகம் அறுத்துப்போவதாகப் புனுவல் கண்ட கனவு, கை நிறைய எறும்பு ஊர்வதாக டாலி கண்ட கனவு, இரண்டையும் வைத்துப் படம் தொடங்கியிருக்கிறது. பகுத்தறிந்து விளக்கம் சொல்லக்கூடிய எந்தப் படிமமும் வேண்டாம் என்பதுதான் இருவரும் வைத்துக்கொண்ட விதி. நானோ அதற்குத்தான் உரை எழுதிக்கொண்டிருந்தேன்!

அப்புறம் முறையை மாற்றினேன். முதல் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பது. நோட்டில் இடப்பக்கம் கண்ணில் பட்டது மட்டும், வலப்பக்கம் எனக்குத் தோன்றியது. ஒரு மாதத்தில் இடப்பக்கம் நிரம்பி வழிந்தது, வலப்பக்கம் பெரும்பாலும் வெள்ளையாகவே கிடந்தது. அதில் ஒரு நிம்மதி இருந்தது.

பொங்கல் விடுமுறைக்குக் காரைக்குடிப் பக்கம் ஆயா (பாட்டி) வீட்டுக்குப் போனேன். 1962இல் மெக்சிகோவில் புனுவல் எடுத்த 'அழிக்கும் தேவதை'யை அங்கே பார்ப்பதாகத் திட்டம். வளவு என்கிற உள்முற்றத்துச் சுவரில் புரொஜெக்டர் அடித்தால் பெரிதாகத் தெரியும் என்று நினைத்தேன். செட்டிநாட்டுச் சுவர் எப்படிப்பட்டது என்பதை மறந்துவிட்டேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு, தடவினால் பளிங்கு மாதிரி வழுக்கும். படத்தின் நடுவில் விளக்கு ஒரு வெள்ளைப் பொட்டாக எரிந்தது. கடைசியில் இரண்டு தூணுக்கு நடுவே அய்யாவின் பழைய எட்டு முழ வேட்டியைக் கட்டினேன்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் காலை நீட்டி ஆயாவும் உட்கார்ந்துகொண்டார். படத்தின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மாளிகைக்குள் விருந்தினர்கள் நுழைகிறார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதேபோல் நுழைகிறார்கள். கோப்பு கெட்டுவிட்டது என்று நான் பின்னால் ஓட்டினேன். கெடவில்லை, வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார். ஒளிப்பதிவாளர் கேப்ரியல் ஃபிகுரோவாவே படத்தொகுப்பில் தவறு என்று நினைத்தாராம்.

விருந்து முடிகிறது. யாரும் கிளம்பவில்லை. வாசல் திறந்தே கிடக்கிறது, ஆனால் அந்த அறையைத் தாண்ட ஒருவராலும் முடியவில்லை. நாட்கள் ஓடுகின்றன. சுவரை உடைத்துக் குழாய்த் தண்ணீர் குடிக்கிறார்கள். 'ஏன் போக முடியலைன்னு படத்துல சொல்லவே மாட்டாங்க ஆயா' என்று நான் முன்கூட்டியே எச்சரித்தேன்.

'இதுல சொல்ல என்னடா இருக்கு? பந்தியில பக்கத்து இலைக்காரன் எந்திரிக்காம நீ எந்திரிப்பியா? அங்க எல்லாருமே பக்கத்து இலையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காக.'

நான் படத்தை நிறுத்தினேன். இது விளக்கம்தானே, விதிக்கு விரோதமில்லையா என்று ஒரு பக்கம் தோன்றியது. ஆனால் எறும்புக்கு நான் ஒட்டிய சீட்டு மாதிரி இது இல்லை. அந்த ஆட்கள் உட்கார்ந்திருக்கும் விதத்தை மட்டுமே பார்த்துச் சொன்னது. அன்றைக்கு வலப்பக்கத்தில் அந்த ஒரு வரியைத்தான் எழுதினேன். மூன்றாம் அத்தியாயம் முழுக்க அதிலிருந்து கிளைத்ததுதான். இதற்கு மேற்கோள் எங்கே என்று நெறியாளர் கேட்டபோது மட்டும் கொஞ்சம் திணறினேன்.

அந்த இரவு ஆயாவுக்கு உறுத்திய விஷயமே வேறு. ஆடுகள் அறைக்குள் வருகின்றன, பசியில் அவற்றை அடித்து அங்கேயே தீ மூட்டிச் சுடுகிறார்கள். வேட்டியை அவிழ்த்து மடிக்கும்போது கேட்டார்:

'மொளகு, சீரகம் ஒண்ணும் இல்லாமலா தின்டாக?'