புல்புலி கானாவில் ஒரு ஜியாரத்

டெல்லியில் நிஜாமுத்தீன் அவுலியா தர்காவில் ஜியாரத் (அடக்கத்தலத்துக்குப் போய் துஆ செய்வது) முடிந்ததும் உம்மா கேட்டார்கள்: "ரஸியா சுல்தானோட கபரும் இந்த ஊர்லதானே இருக்கு?" டெல்லியை ஆண்ட பெண் சுல்தானின் கபர், அதாவது அடக்கத்தலம், பழைய டெல்லியின் புல்புலி கானா பகுதியில் இருக்கிறது. சரி என்று மீதமிருந்த ரோஜா இதழ்களோடு ஆட்டோ பிடித்து, பக்கத்தில் உள்ள துர்க்மான் கேட்டில் இறங்கினோம்.

அந்தத் தெருக்காரர்கள் சொல்லும் பெயர் 'ரஜ்ஜி சஜ்ஜி தர்கா'. வெயில் இறங்காத சந்துகளைத் தாண்டினால் கூரையில்லாத சிறு முற்றம், சுற்றிலும் மாடி வீடுகள். நடுவே பெயர் பொறிக்காத இரண்டு கல் கபர்கள். ஒன்று ரஸியாவுடையது, மற்றது அவர் சகோதரி ஷாஸியாவுடையது என்பது நம்பிக்கை.

உம்மா உட்கார்ந்து யாசீன் ஓதினார்கள். எனக்கு 1236இன் அந்த ஜும்ஆ நாள்தான் மனதில் ஓடியது. அநீதிக்கு ஆளானவர்கள் சாயமிட்ட உடை உடுத்தி வந்தால் நீதி கிடைக்கும் என்பது சுல்தான் இல்துத்மிஷ் வைத்த ஏற்பாடு. அவர் மறைந்து, மகன் ருக்னுத்தீன் அரியணையில் இருந்தபோது, மகள் ரஸியா அதே உடையில் தொழுகைக்குக் கூடிய மக்கள் முன் நின்று நியாயம் கேட்டார் என்று மொராக்கோ பயணி இப்னு பதூதா எழுதுகிறார். அரியணை அவருக்கு அப்படித்தான் வந்தது.

அமீர்கள் எனப்பட்ட பிரபுக்கள் சும்மா இருக்கவில்லை. வஸீர் (தலைமை அமைச்சர்) ஜுனைதி தொடக்கத்திலேயே ஏற்க மறுத்தார். ஆளுநர்கள் சிலர் படையோடு டெல்லிக்கு வந்தார்கள். அவர்களைப் பிரித்தே ரஸியா வென்றார். அப்புறம் திரையை விட்டு வெளியே வந்து, ஆண்களைப் போல உடுத்தி, யானை மீது ஊர் பார்க்க வந்தார். அபிசீனியரான யாகூத்தை உயர்த்தியதைக் காதல் கதையாக்கிவிட்டார்கள். துருக்கியர் அல்லாதவருக்குப் பெரிய பதவியா என்ற பொறாமைதான் அதில் எனக்குத் தெரிகிறது. 1240இல் பட்டிண்டா ஆளுநர் அல்தூனியா கலகம் செய்தார். யாகூத் கொல்லப்பட்டார், ரஸியா பட்டிண்டாவில் சிறைப்பட்டார். பிறகு அல்தூனியாவையே மணந்து டெல்லியை மீட்கப் புறப்பட்டு, தோற்று, கைத்தல் பக்கம் கொல்லப்பட்டார்.

ஆட்சித் திறமை எல்லாம் இருந்தும் ஆணாகப் பிறக்காததால் என்ன பயன் என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் மின்ஹாஜ் எழுதியிருக்கிறார். அதை நினைத்தபோது தொண்டை அடைத்தது. நூறாண்டு கழித்து வந்த இப்னு பதூதாவோ, ரஸியாவின் கபருக்கு மக்கள் பரக்கத் (இறையருள்) தேடி வருவதாகச் சொல்கிறார்.

உம்மா துஆ முடிக்க வெகுநேரம் ஆனது. பிறகு இதழ்களில் பாதியை ரஜ்ஜிக்கும், பாதியைச் சஜ்ஜிக்கும் தூவினார்கள்.