வெப்ளி, 1ஏ, கிளாக்: ஓர் ஆர்மரரின் ஒப்பீடு

சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் என் பழைய வேலையைக் கேள்விப்பட்டதும், "போலீஸ் வெச்சிருக்கிற பிஸ்டல்லயே எது ஐயா பெஸ்ட்?" என்று கேட்பார்கள். எத்தனை தோட்டா பிடிக்கும், எத்தனை கிராம், எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பராமரித்துக் கொடுத்து வாங்குகிறவனாக இருந்தவன் துப்பாக்கியை அந்தக் கணக்கில் பார்ப்பதில்லை. காலையில் ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கிப்போய், ராத்திரி வியர்வையும் தூசியுமாகத் திருப்பிக் கொடுக்கிற பொருள் அது. அவர் அதைக் கடைசியாக எப்போது சுட்டார், அவருடைய விரல் ட்ரிக்கரை எட்டுகிறதா, திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே தோட்டா இருக்கிறதா என்பதுதான் என் கவலை. இந்தக் கவலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தரவரிசை வேறு மாதிரி வருகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆயுத அறை அலமாரியில் பாதிக்கு மேல் .38 ரிவால்வர்கள். வெப்ளி அண்ட் ஸ்காட் மார்க் 4. பர்மிங்காம் தயாரிப்பு, ஆறு தோட்டா, ஏறத்தாழ முக்கால் கிலோ. பக்கத்தில் இருக்கும் பூட்டைக் கட்டைவிரலால் தள்ளினால் துப்பாக்கி நடுவில் மடிந்து திறக்கும். ஆறு தோட்டாவும் ஒன்றாக மேலெழும்பி வரும். திறந்த சிலிண்டரில் ஆறு துளையும் கண்ணெதிரே இருக்கும். தோட்டா இருக்கிறதா இல்லையா என்று யோசிக்கவே வேண்டாம். பழைய ஏட்டய்யாக்கள் அதைத் திறந்தபடியேதான் மேஜைமேல் வைப்பார்கள். வாங்குகிறவனும் கொடுக்கிறவனும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். கைமாறும் இடத்தில் ஒரு துப்பாக்கிக்கு இதைவிட நல்ல குணம் இருக்க முடியாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இன்னொன்று, தோட்டா வெடிக்கவில்லை என்றால் ரிவால்வரில் மறுபடி ட்ரிக்கரை இழுத்தால் போதும், சிலிண்டர் சுற்றி அடுத்த தோட்டா வந்துவிடும். பிஸ்டலில் அப்படிக் கிடையாது. இரண்டு கையாலும் ஸ்லைடை, அதாவது பின்னுக்கு நகரும் மேல்பாகத்தை இழுத்து, வெடிக்காததை வெளியே தள்ளி, அடுத்ததை ஏற்ற வேண்டும். எங்கள் ஊர் கடலோரம். தோல் பெல்ட்டின் துளைகளில் தோட்டாவைச் செருகி மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். தோல் பதனிடும் சரக்கும் உப்புக்காற்றும் சேர்ந்து பித்தளையில் பச்சையாகக் களிம்பு ஏறும். அப்படிப்பட்ட தோட்டாக்களைத் துடைத்துத் துடைத்தே என் இடது கட்டைவிரல் நகம் நிறம் மாறிக்கிடந்தது. அந்த மாதிரித் தோட்டாவைப் போட்டுக்கொண்டு போகிறவருக்கு ரிவால்வர்தான் பத்திரம்.

குறையும் இருக்கிறது. தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலான ஹேமரைப் பின்னுக்கு இழுத்து வைக்காமல் நேராக ட்ரிக்கரை இழுத்தால் அவ்வளவு கனம். அந்த கனத்தில் கை ஆடும், குண்டு தாழப் போகும். குண்டின் பலமும் குறைவு. 178 கிரெய்ன், அதாவது பதினொன்றரை கிராம் எடையுள்ள குண்டு, வினாடிக்குச் சுமார் 190 மீட்டர் வேகத்தில்தான் கிளம்பும். பிஸ்டலில் போடும் 9 மி.மீ. குண்டு எடையில் ஏழரை, எட்டு கிராம்தான். ஆனால் வேகம் 350 மீட்டரைத் தாண்டும். சக்தியைக் கணக்குப் போட்டால் வெப்ளியைவிட இரண்டு மடங்குக்கு மேல் வரும்.

சரி, 9 மி.மீ.க்கு வருவோம். எங்களிடம் அது '1ஏ' என்ற பெயரில் வந்தது. மேற்கு வங்காளத்தில் இஷாபூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்தது. மூலம் 1935இல் பெல்ஜியத்தில் வந்த பிரௌனிங் ஹை-பவர். ஹிட்லரின் படை 1940இல் பெல்ஜியத்தைப் பிடித்ததும் அந்தப் பிஸ்டலை நேச நாடுகளுக்காகக் கனடாவில் இங்லிஸ் என்ற கம்பெனி செய்தது. இங்லிஸின் வடிவம்தான் நம் 1ஏ. பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியான மேகசினில் 13 தோட்டா. அந்தக் காலத்தில் அது பெரிய எண்ணிக்கை. இரும்பு கனமானது, அதனால் உதைப்பு கையில் தெரியாது. சுடுதளத்தில் நிதானமாக நின்று சுட்டால் 1ஏ மிக நேர்மையான ஆயுதம். அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

ஆனால் சுடுதளம் வேறு, தெரு வேறு. 1ஏ-யில் ஹேமர் பின்னுக்கு இழுபட்டு நின்றால்தான் ட்ரிக்கர் வேலை செய்யும். ஆகவே இரண்டு வழி. ஒன்று, சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தில், தோட்டா ஏற்றி, ஹேமரை நிறுத்தி, சேஃப்டி போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அந்த சேஃப்டி பழைய மாடலில் சின்னக் குமிழ் மாதிரி இருக்கும், வியர்த்த கட்டைவிரலுக்கு அகப்படாது. அப்படி வைக்க மேலதிகாரிகள் சம்மதிப்பதும் இல்லை. இரண்டாவது வழி, சேம்பரைக் காலியாக வைத்து, தேவைப்படும்போது ஸ்லைடை இழுத்து ஏற்றுவது. நாங்கள் எல்லாரும் பழகியது இதைத்தான். இதற்கு இரண்டு கை வேண்டும். போலீஸ்காரருக்கு இரண்டு கையும் எப்போது சும்மா இருக்கிறது? ஒரு கையில் கைதியின் விலங்குச் சங்கிலி, இல்லையென்றால் டார்ச், இல்லையென்றால் கூட்டத்தைத் தள்ளிப்பிடிக்கிற கயிறு. பதிமூன்று தோட்டா இடுப்பில் இருந்தும் ஒன்றுகூடச் சேம்பரில் இல்லாத மனிதர் அவர். ஒப்பீட்டுப் பட்டியல் எதிலும் இந்த இரண்டாவது கையைப் பற்றி நான் பார்த்ததே இல்லை.

1ஏ-யில் இன்னொரு அமைப்பும் உண்டு. மேகசினைக் கழற்றிவிட்டால் ட்ரிக்கர் வேலை செய்யாது. பாதுகாப்புக்கென்று வைத்தது. நடைமுறையில் அதுவே ஆபத்தாக முடிந்ததை என் அறைக்கு வெளியிலேயே பார்த்தேன். இரவுப் பணி முடித்து வந்த ஒரு தம்பி, தூக்கக் கலக்கத்தில் வரிசையை மாற்றிவிட்டார். முதலில் மேகசினை எடுத்துவிட்டு ஸ்லைடை இழுத்துப் பார்க்க வேண்டும். அவர் மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்தார். ஒரு தோட்டா சேம்பருக்குள் போய் உட்கார்ந்தது. அப்புறம் மேகசினைக் கழற்றினார், ட்ரிக்கரை இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை, நடக்கவும் நடக்காது. துப்பாக்கி காலி என்று முடிவுகட்டி, ஹேமரை இறக்குவதற்காக வழக்கப்படி ஒரு காலி மேகசினைச் செருகி மறுபடி இழுத்தார். வெடித்துவிட்டது. முனை மணல் மூட்டையைப் பார்த்து இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மெமோ, விசாரணை எல்லாம் அந்தத் தம்பிக்கு வந்தது. அவர் அதற்கு முந்திய முறை துப்பாக்கி சுட்டு எவ்வளவு நாள் ஆகியிருந்தது என்று விசாரணையில் ஒருவரும் கேட்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கிளாக் எங்களுக்கு வந்தபோது முதலில் முக்கியப் பிரமுகர் பாதுகாப்புக்குப் போகிறவர்களுக்குத்தான் கொடுத்தோம். அதற்கு முன்னால் துப்பாக்கியே செய்திராத காஸ்டன் கிளாக் என்ற ஆஸ்திரியர் வடிவமைத்தது. 1982இல் அந்நாட்டு ராணுவம் எடுத்துக்கொண்டது. உடல் பாலிமர், மேகசினில் 17 தோட்டா, மேகசின் இல்லாமல் 630 கிராமுக்குள் எடை. எங்கள் உப்புக்காற்றில் 1ஏ-யின் நீலப்பூச்சு இடுப்பு வியர்வை பட்ட இடத்தில் செம்பழுப்பாகும். கிளாக் ஸ்லைடில் துருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பிரித்தால் உள்ளே பாகங்கள் குறைவு. பராமரிக்கிறவனுக்கு வரம்.

சேஃப்டிக் குமிழ் என்று தனியாக எதுவும் இல்லை. ட்ரிக்கரின் நடுவில் ஒரு சின்ன நாக்கு. விரல் அதன்மேல் விழுந்தால்தான் ட்ரிக்கர் நகரும். கீழே விழுந்தாலும் வெடிக்காதபடி உள்ளே தடைகள். சேம்பரில் தோட்டாவோடு எடுத்துப்போகலாம், எடுத்த கையாலேயே சுடலாம். 1ஏ-யில் இருந்த அந்த இரண்டாவது கைப் பிரச்சினை இதில் தீர்ந்துவிடுகிறது. அதே காரணத்தால்தான் எனக்கு பயமும் வந்தது. இரண்டரை கிலோ அழுத்தத்தில் ட்ரிக்கர் விடும். விரல் என்றில்லை, உறைக்குள் திருப்பிச் செருகும்போது சஃபாரி சட்டையின் ஓரம் ட்ரிக்கரில் மாட்டினாலும் அது விரல்தான். நல்ல உறை இல்லாமல் கிளாக்கை இடுப்பில் வெறுமனே செருகக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் சொல்லுவேன். சிலருக்கு என் பேச்சு சலிப்பாக இருந்திருக்கும்.

அதைவிட முக்கியமான ஒன்று. கிளாக்கில் மேகசினைக் கழற்றினாலும் சேம்பரில் உள்ள தோட்டா வெடிக்கும். சுத்தம் செய்யப் பிரிக்க வேண்டுமென்றாலே ட்ரிக்கரை ஒருமுறை இழுத்தாக வேண்டும். இருபது வருஷம் 1ஏ பழகிய கைக்கு "மேகசின் வெளியே இருந்தால் சுடாது" என்பது எலும்பிலேயே ஏறியிருக்கும். அந்தக் கையில் அப்படியே கிளாக்கைக் கொடுப்பது தவறு. ஆயுதம் மாறும்போது பழைய பழக்கத்தை அழிக்கத் தனியாகப் பயிற்சி வேண்டும். நியூயார்க் காவல்துறை 1993இல் ரிவால்வரிலிருந்து 9 மி.மீ. பிஸ்டலுக்கு மாறத் தொடங்கியபோது, ரிவால்வர் பழகிய விரல்களை நினைத்துத்தான் கிளாக்கின் ட்ரிக்கரைச் சுமார் ஐந்தரை கிலோவுக்குக் கனமாக்கச் சொன்னது. கனமான ட்ரிக்கர் குறியைக் கெடுக்கும் என்று அதற்குக் கண்டனமும் உண்டு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் கேள்வியை விரலிலிருந்து தொடங்கினார்களே, அதை நான் மதிக்கிறேன்.

விரல் என்றதும் பெண் காவலர்கள் நினைவுக்கு வருகிறார்கள். தமிழ்நாட்டில் பெண்கள் காவல்துறைக்கு வந்தது 1973இல். ஆயுதங்களோ அதற்கு முந்தைய காலத்து ஆண் கைக்கு அளவெடுத்தவை. வெப்ளியின் ட்ரிக்கரை நேராக இழுக்கச் சில பெண்கள் இரண்டு விரலை உபயோகிப்பதைப் பார்த்திருக்கிறேன். "குறி வரலை மேடம்" என்று பயிற்சியாளர் சொல்லிக்கொண்டே இருப்பார். பிடி பெரிதாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார். கிளாக்கின் நான்காம் தலைமுறை 2010இல் வந்தபோது பிடியின் பின்பகுதியை மாற்றி அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி வந்தது. அதே பெண்கள் அப்படி ஒரு பிஸ்டலைப் பிடித்ததும் அட்டையில் குண்டுகள் நெருங்கி விழுந்தன. இத்தனை வருஷம் அவர்கள் தலையில் போட்ட பழி யாருடையது என்று அன்று எனக்குத் தெளிவாயிற்று.

பெரிய குண்டா சின்ன குண்டா என்ற சண்டைக்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்லலாம். 1986 ஏப்ரல் 11, மயாமியில் இரண்டு வங்கிக் கொள்ளையர்களை மடக்கிய எஃப்.பி.ஐ. அதிகாரிகளில் இருவர் இறந்தார்கள், ஐவர் காயம்பட்டார்கள். ஒரு 9 மி.மீ. குண்டு கொள்ளையன் ஒருவனின் உடம்பில் இதயத்தை எட்டும் முன்பே நின்றுபோனது என்று கண்டறிந்து, பெரிய குண்டான 10 மி.மீ.க்கும் அப்புறம் .40 அங்குலத்துக்கும் போனார்கள். உதைப்பு அதிகம், பலருக்குக் குறி கெட்டது, குண்டுகளும் மேம்பட்டன. 2016இல் மறுபடி 9 மி.மீ. கிளாக்குக்கே வந்தார்கள். அந்த மோதலை முடித்த எட்மண்டோ மிரெலஸ் என்ற அதிகாரி, இடது முன்கை சிதைந்த நிலையில் கடைசியாக ஒரே கையால் ரிவால்வரைச் சுட்டார். கை அடிபட்ட இன்னொரு அதிகாரியால் ரிவால்வரில் மறுபடி தோட்டா நிரப்பவே முடியவில்லை. ரிவால்வரின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில், சில நிமிடங்களில் தெரிந்துவிட்டது.

நம் தெருவில் இன்னொரு கவலை. எங்களுக்கு வரும் 9 மி.மீ. முழுக்க உலோக உறை போட்டது. ஆளைத் துளைத்துக்கொண்டு பின்னால் நிற்பவர் மேலும் படலாம். பட்டதும் விரியும் குண்டைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று 1899 ஹேக் பிரகடனம் சொல்கிறது. அந்த வகைக் குண்டுக்குப் பெயர் கொடுத்த டம்டம் என்ற ஊர், இஷாபூருக்கு வெகுதூரம் இல்லை. போலீசுக்கு அந்தப் பிரகடனம் பொருந்தாது. அமெரிக்கப் போலீஸ் விரியும் குண்டைத்தான் போடுகிறது. பஸ் நிலையத்திலும் சந்தையிலும் துப்பாக்கி எடுக்க நேர்கிற நம்மவர்களுக்கு எது என்பதை மருத்துவர்களும் சேர்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும்.

சுட்ட பிறகும் துப்பாக்கிக்கு வேலை முடிவதில்லை. 2014இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யு.சி.எல்.) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், போலீஸ் மோதல் (என்கவுன்ட்டர்) சாவுகளில் சம்பந்தப்பட்ட அதிகாரிகள் ஆயுதத்தைத் தடயவியல் ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும் என்றது. இதிலும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி வித்தியாசம். வெப்ளி, 1ஏ பேரல்களில் (குழல்களில்) வெட்டிய வரித்தடம் குண்டில் தெளிவாக விழும். பழைய தலைமுறை கிளாக்கின் பேரல் உள்ளே பலகோண வடிவம், அதனால் குண்டை வைத்து அடையாளம் காண்பது சிரமம். ஆனால் காலித் தோட்டாவின் அடியில் நீள்வட்டமாக ஒரு குத்துத்தடம் விழும், பார்த்த மாத்திரத்தில் கிளாக் என்று தெரியும். ஆகவே காலித் தோட்டாவைப் பொறுக்குவதில் கவனம் வேண்டும். ரிவால்வர் காலித் தோட்டாவைக் கீழே போடுவதே இல்லை, அது சிலிண்டரிலேயே இருக்கும்.

எது நல்லது என்று கேட்டால் என் பதில் இது. அடிக்கடி சுட்டுப் பழகுகிறவருக்கு, சரியான உறையோடு, கிளாக். வருடத்தில் ஒருநாள் சுடுதளம் போய்ப் பத்துப் பதினைந்து தோட்டா சுட்டுவிட்டு வருகிறவருக்கு, தோட்டா புதிதாக இருக்கும்வரை ரிவால்வரே போதும். 1ஏ-யை நான் எவ்வளவு விரும்பினாலும் தெருவுக்கு அனுப்ப மாட்டேன்; பயிற்சிக்கு வைத்துக்கொள்வேன். புதுப் பிஸ்டல் வாங்கும் கோப்பில் கையெழுத்துப் போடுகிற அதிகாரிகள், பயிற்சித் தோட்டாவுக்கும் உறைக்கும் பழைய ஆயுதத்திலிருந்து மாறுகிற பயிற்சிக்கும் அதே கோப்பில் பணம் ஒதுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பெட்டியைப் பிரிக்காமல் ஆயுத அறையிலேயே வைத்திருங்கள் என்று பணியில் இருந்தபோதே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.