ஆறட்டும், அப்புறம் குடிக்கலாம்

நமக்குக் காபி என்றால் ஆவி பறக்க வேண்டும். விருந்தாளிக்கு ஆறின காபியைக் கொடுத்தால் அவமரியாதை. ஆனால் தாண்டிக்குடிக் காபியை நான் ஆறவிட்டுத்தான் குடிக்கிறேன். அதன் ருசி அப்போதுதான் வெளியே வருகிறது.

தாண்டிக்குடி திண்டுக்கல் மாவட்டத்தில், கீழ்ப்பழனி மலையில் இருக்கிறது. அங்கே காபிச்செடி சில்வர் ஓக், பலா நிழலில், மிளகுக்கொடிக்கும் மலைவாழைக்கும் நடுவே வளர்கிறது. நிழலும் குளிரும் சேர்ந்தால் பழம் நிதானமாகப் பழுக்கும், கொட்டை இறுகும். எனக்குப் பழக்கமான தோட்டக்காரர் வைத்திருப்பது பெரும்பாலும் எஸ் 795. கர்நாடகத்தின் பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம் 1940களில் கொடுத்த அரபிகா ரகம். இலைத்துரு நோயைத் தாங்கத்தான் உருவாக்கினார்கள். ருசியிலும் அது சோடை போகவில்லை. "இதை எதுகூடவும் கலந்துடாதீங்க தம்பி" என்று சொல்லித்தான் கொட்டையைக் கொடுப்பார். நியாயம்தான். சிக்கரி சேர்த்து, கருக வறுத்துவிட்டால் எந்த மலைக் காபியும் ஒரே கசப்பு.

அதனால் மிதமான வறுவல். சிக்கரி, பால், சர்க்கரை எதுவும் கிடையாது. கொரகொரப்பாக அரைத்த தூள் 11 கிராமைக் கண்ணாடி டம்ளரில் போட்டு, கொதி அடங்கிய தண்ணீர் 200 மில்லி ஊற்றுவேன். 4 நிமிடம் தொடக்கூடாது. தூள் மேலே ஆடை கட்டி நிற்கும். ஸ்பூனால் அதைக் கலைக்கும்போது மூக்கை டம்ளருக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். அந்தச் சில விநாடிகளில் எழும் வாசனை பிறகு கிடைக்காது. நுரையை வழித்துவிட்டு இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

சூட்டோடு குடித்தால் வறுத்த வாசனையும் கசப்பும்தான் தெரியும். வெதுவெதுப்பானதும் ஸ்பூனில் எடுத்துச் சத்தம் வர உறிஞ்ச வேண்டும். காபி ருசி பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் இப்படித்தான் உறிஞ்சுகிறார்கள். காற்றும் சேர்ந்து போவதால் வாசனை மூக்குக்கு ஏறும். எனக்கு முதலில் தட்டுப்படுவது கமலா ஆரஞ்சின் மெல்லிய புளிப்பு. இன்னும் ஆறினால் வெல்லப்பாகின் இனிப்பு அடிநாக்கில் தங்கும். இதற்காகவே காத்திருக்கலாம்.

கொட்டையில் குறை இருந்தாலும் ஆறினபிறகு மறைக்க முடியாது. சரியாகக் காயாமல் மூட்டை கட்டியிருந்தால் சாக்கு வாசனை அடிக்கும். புது அறுவடை வந்ததும், கிலோ கணக்கில் வாங்குவதற்கு முன்னால் இப்படி ஒரு டம்ளர் போட்டுப் பார்த்துவிடுவேன். அடுத்த அறுவடையில் கொஞ்சம் பழத்தைத் தோல் நீக்காமல் அப்படியே வெயிலில் காயவைத்துத் தரும்படி தோட்டக்காரரிடம் கேட்டிருக்கிறேன். அதே செடி, அதே மண்; ருசி எவ்வளவு மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.