நிலக்கரிச் சுரங்கமும் கிணற்றுக் கைப்பிடிச் சுவரும்

வேலூர்ப் பக்கம் நிலக்கரி கிடையாது. ஆனால் இங்கே நிலவியல் படிக்கிற பிள்ளைகள் தெலங்கானாவின் கோதாவரிப் பக்கத்துச் சிங்கரேணி நிலக்கரிச் சுரங்க அறிக்கைகளைப் புரட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது கிணற்று நீர்மட்ட அட்டவணையைத்தான். சுரங்கத்துக்குள் ஊறுகிற தண்ணீரை ஓயாமல் இறைப்பார்கள். சுற்றியுள்ள கிணறுகள் இறங்கும். எவ்வளவு என்பதில்தான் வம்பு.

அளக்கும் முன் மோட்டாரை நிறுத்தி, மட்டம் ஏறி நிலைக்கும்வரை காத்திருங்கள். அளவு நாடாவின் நுனியில் ஒரு மீட்டருக்குச் சுண்ணக்கட்டி தேய்த்து இறக்குங்கள். சுவர் விளிம்பில் 15 மீட்டர் குறியைப் பிடித்து, நுனி 0.40 நனைந்திருந்தால் தண்ணீர் 14.60-ல். கைப்பிடிச் சுவர் 0.80 போக, தரையிலிருந்து 13.80. ஒரு பருவத்தில் சுவரைக் கழித்து, அடுத்த பருவத்தில் மறந்தால் 80 சென்டிமீட்டர் ‘பாதிப்பு’ சும்மாவே முளைத்துவிடும்.

நம்மூர் மாதக் கணக்கும் அங்கே செல்லாது. நமக்கு ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. கிணறு நிறைந்து நிற்பது மார்கழியில். கோதாவரிப் பக்கம் தென்மேற்குப் பருவம்தான் பெரிது, புரட்டாசி ஐப்பசியிலேயே மட்டம் உச்சத்துக்கு வந்துவிடும்.

சுரங்கத்தின் பிடிக்கு வெளியே, அதே பாறையில், சில ஒப்பீட்டுக் கிணறுகள் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் ‘மழை குறைவு’ என்று கைகழுவிவிடுவார்கள். 1996-ல் பாலாற்றுப் பக்கத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றிய நம் வழக்கில், கேடில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது என்றது உச்ச நீதிமன்றம். அப்படியானால் ஒப்பீட்டுக் கிணற்றைக் காட்ட வேண்டியதும் சுரங்கக்காரர்தான்.

நிலம் அமுங்குவது வெட்டிய இடத்துக்கு நேர் மேலே மட்டும் நிற்காது. 200 மீட்டர் ஆழம், அமுக்கம் செங்குத்திலிருந்து வெளியே சாயும் கோணம் 35 பாகை என்று வைத்தால் விளிம்பைத் தாண்டி 140 மீட்டர் வரை பரவும். வீட்டுச் சுவரைப் பிளப்பது பெரும்பாலும் இறக்கமல்ல, ஓரத்தில் விழும் இழுவிசை. மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் நீட்சி என்பது வழக்கமான வரம்பு. நிலம் எவ்வளவு இறங்கியது என்று அளக்க உதவும் மட்டக்கற்களைச் சுரங்கம் தொடங்கும் முன்பே நட்டால்தான் பயன்.

தண்ணீர்ச் சோதனையில் பாலாற்றுப் பழக்கம் காலை வாரும். இங்கே குளோரைடும் குரோமியமும் தேடுவோம். அங்கே சல்பேட், இரும்பு, அமிலத்தன்மை. நிலக்கரியோடு கிடக்கும் பைரைட் என்ற இரும்பு-கந்தகத் தாது காற்றும் நீரும் பட்டுக் கரைவதால் வருபவை. இரும்புக்கான புட்டியில் கிணற்றடியிலேயே நைட்ரிக் அமிலம் சில சொட்டு விடுங்கள். விடாவிட்டால் ஆய்வகம் போவதற்குள் இரும்பு துருவாகப் புட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அறிக்கையில் தண்ணீர் சுத்தமாக இருக்கும்.